பன்னிரண்டு தடவை சொன்ன கதை

முகிலா,

இந்தக் கடிதத்தோடு ஒரு சிவப்புப் பேனாவையும் வைத்திருக்கிறேன். நம் சனிக்கிழமைக் குழுவின் செய்தி மடலில் இது வரும். உன்னைத் தவிர வேறு பலரும் படிப்பார்கள். ஆனால் முதலில் நீ படிக்க வேண்டும். வேண்டாத வரி எதுவோ, அதை அடித்துவிடு. ஏன் என்று கேட்கமாட்டேன். அடித்ததை எடுத்துவிட்டு, இங்கே நீ அடித்திருக்கிறாய் என்று மட்டும் எழுதிக் கொடுப்பேன். முழுவதையும் அடித்தாலும் சரி, என் பக்கம் காலியாக வரும். மடலைத் தொகுக்கும் சாந்தி ஆண்ட்டியிடம் சொல்லிவிட்டேன். "காலிப் பக்கமா? பரவால்லக்கா, அதையும் சனங்க படிக்கட்டும்" என்றாள்.

சுற்றி வளைத்துப் பேசினால் நீ எழுந்து போய்விடுவாய். அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை நீ வீட்டை விட்டு உலு திராம் ஊருக்குக் குடிபோகிறாய். அங்கே நாலு இளைஞர்கள் சேர்ந்து இருக்கும் வீட்டில் உனக்கு ஓர் அறை. நடந்து போகிற தூரத்தில் மளிகைச் சாமான் கிடங்கு. அங்கே பெட்டிகளின் காலாவதித் தேதியைப் பார்த்துப் பிரித்து அடுக்கும் வேலை. எல்லாவற்றையும் நீயே தேடி, நீயே மெசேஜ் அனுப்பி, நீயே முடித்துவிட்டாய். எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அந்த வீட்டில் சேர மூன்று பக்க விண்ணப்பப் பாரம் ஒன்று இருக்கிறது. எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருக்கிறாய், ஒன்றைத் தவிர. அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்கும் கட்டம் அது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அது நிரம்பாவிட்டால் அறை வேறு ஒருவருக்குப் போய்விடும். இன்று செவ்வாய். நீ என்னோடு பேசி முப்பத்தாறு நாள் ஆகிறது. நீ ஏன் அதைக் காலியாக விட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

நேற்று அந்த வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணி, பாரத்தில் இருந்த நம் வீட்டு எண்ணுக்குப் போன் செய்தார்; நான்தான் எடுத்தேன். "அம்மா, பேரு இல்லாம சேர்க்க முடியாது. நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா நாங்க யாரைக் கேக்குறது? போலிஸ் வந்து கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அப்பாவிடம் சொன்னேன். அப்பா அப்போதுதான் காஹாங் தோட்டத்திலிருந்து லாரியில் செம்பனைக் குலை ஏற்றி, எண்ணெய் மில்லில் இறக்கிவிட்டு வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க பேரைப் போடச் சொல்லுங்க" என்றேன்.

"என் பேரா? நான் லாரியில இருப்பேன். எஞ்சின் சத்தத்துல போன் அடிச்சா கேக்குமா? உன் பேரைப் போடச் சொல்லு."

"நான் எப்படிச் சொல்றது? என் முகத்தையே பாக்க மாட்டேங்கிறான்."

"அப்ப எழுது. ஊருக்கெல்லாம் எழுதுறல்ல. அவனுக்கு ஒண்ணு எழுது."

அவர் குரலில் கோபம் இல்லை. பூட்ஸில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார். ஆனாலும் எனக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. இருபத்து மூன்று வருடத்தில் உன்னைப் பற்றி எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். கல்வி இலாகாவுக்கு, மாவட்ட மன்றத்துக்கு, டாக்டர்களுக்கு, பத்திரிகைக்கு. உனக்கு இதுதான் முதல் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். நீ இதையெல்லாம் அறிவாய். ஆனால் நான் எதை எப்படி அறிந்திருக்கிறேன் என்பதை நீ சரிபார்க்க வேண்டும்.

உனக்குப் பதினேழு வயது. அப்போது நாம் வாரம் ஒரு தரம் பக்கத்து ஊர் பாசார் மாலாமுக்கு, அந்த இரவுச் சந்தைக்குப் போவோம். சூரியன் இறங்குவதற்கு முன்னால், கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய்விட்டு வந்துவிடுவோம். அது நமக்குள் ஓர் ஏற்பாடு. அன்று நான் தாமதமாகக் கிளம்பினேன். ஏன் தாமதம் என்று இத்தனை மேடைகளில் நான் சொன்னதே இல்லை. ஒரு பத்திரிகைக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்திருந்தேன். நீ கதவருகே செருப்பைப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றாய். சந்தைக்குப் போனபோது நடக்க இடமில்லை. மீன் கடையில் நான் சில்லறையைத் தேடி எடுப்பதற்குள் நீ பக்கத்தில் இல்லை.

நீ பிஸ்கட் விற்கும் கடைக்குப் போயிருந்தாய். பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பித் தேதியைப் பார்த்தாய். தேதி முடிந்தவற்றை எடுத்து உன் பைக்குள் போட்டாய், வெளியே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போடுவதற்காக. வீட்டில் அதைத்தானே செய்வாய். கடைக்காரர் கண்ணுக்கு அது திருட்டாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் உன்னைப் பின்னாலிருந்து பிடித்தார். உன்னைப் பின்னாலிருந்து தொட்டால் என்ன ஆகும் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? நீ திமிறினாய். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து பிடித்தார்கள். பிறகு போலிஸ் ஸ்டேஷன். நானும், நான் கூப்பிட்டு ஓடிவந்த அப்பாவும் சந்தையை மூன்று தடவை சுற்றிவிட்டுத் தேடி வந்தபோது மூன்று மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. நீ ஒரு பெஞ்சின் கீழே, சுவரோடு சுவராக இருந்தாய்.

அங்கே உனக்கு ஒன்று நடந்திருந்தது. எந்த மனிதனும் தனக்கு நடந்ததாக வெளியில் சொல்ல விரும்பாத ஒன்று. அதை இங்கே எழுதமாட்டேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: உங்களில் பலருக்கு அது தெரியும், நான்தான் சொன்னேன். தெரிந்தவர்கள் மறந்துவிடுங்கள். தெரியாதவர்கள் கேட்காதீர்கள்.

அடுத்த மாதமே நான் சாந்தி ஆண்ட்டியைத் தேடிப் போனேன். அவள் மகளும் உன்னைப் போலத்தான் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். இன்னும் நாலு குடும்பம் சேர்ந்தது. தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர் சனிக்கிழமைகளில் கேண்டீனைத் திறந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தோம். அந்த முதல் சனிக்கிழமை செய்தது இவ்வளவுதான்: எல்லாரும் மற்றவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, தன் பிள்ளையைப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்தோம். என் வீட்டுக் கதவுக்குள் மட்டும் நடக்கிறது என்று நினைத்திருந்தது இத்தனை வீடுகளில் நடக்கிறதா என்ற திகைப்பே போதுமாக இருந்தது. பிறகு வேலை தொடங்கினோம். போலிஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். 'என்னைப் பின்னாலிருந்து தொடாதீர்கள், முன்னால் வந்து பெயரைச் சொல்லுங்கள்' என்று மலாயில் அச்சடித்த அட்டையை ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்தோம். கடை கடையாக ஏறினோம். முடிவெட்டும் கடைக்காரரிடம், பல் டாக்டரிடம், பஸ் டிரைவர்களிடம் பேசினோம்.

பேசுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. நான் பேசினேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்ப் பள்ளியில் நான் ஆறாம் ஆண்டு படித்தபோது மாவட்டப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். பள்ளி நூலகத்தில் இருந்த ஒரே அலமாரியை மேல் தட்டின் இடது மூலையிலிருந்து தொடங்கி, புரிந்தாலும் புரியாவிட்டாலும், கீழ்த் தட்டின் வலது மூலைவரை படித்து முடித்தவள் நான். நீ சார்டின் டின்களைத் தேதி வாரியாக அடுக்குவதைப் பார்த்த டாக்டர், "வீட்டில் வேறு யாருக்காவது இந்தப் பழக்கம் இருக்கிறதா?" என்று கேட்டபோது இல்லை என்று சொன்னேன். அந்தப் போட்டிக்காகக் கற்றுக்கொண்ட ஒரு வித்தை இன்னும் என் நாக்கில் இருக்கிறது. ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கேட்பவர் மனத்தைத் தைக்கும் இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்த வேண்டும். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். பிறகு தலையை நிமிர்த்த வேண்டும். அவ்வளவுதான். மண்டபம் உன் கையில்.

உன் கதையை அப்படித்தான் சொன்னேன். ஸ்டேஷனில் உனக்கு நடந்த அந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, மூன்று எண்ணினேன்.

அது வேலை செய்தது, முகிலா. அதுதான் இதில் கஷ்டமான பகுதி. வேலை செய்யாமல் போயிருந்தால் இரண்டாம் மேடையிலேயே நிறுத்தியிருப்பேன். காஹாங்கிலிருந்து ஒரு தகப்பன் வந்திருந்தார். நாலு வயதுப் பையனை வீட்டை விட்டு வெளியே கொண்டுவராமல், பக்கத்து வீட்டுக்காரர்கூட அறியாமல் வைத்திருந்தவர். உன் கதையைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து, "எம் புள்ளையும் இருக்கான், நாளைக்குக் கூட்டிட்டு வாரேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தப் பையன் இன்று பள்ளிக்குப் போகிறான். ஒரு போலிஸ் அதிகாரி தன் ஸ்டேஷனில் நம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வைக்க ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவுகளை எண்ணிக்கொண்டிருந்த நான், நீ என்ன எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று பார்க்கவில்லை.

நீ எல்லா இடத்துக்கும் என்னோடு வந்தாய். கடைசி வரிசையில், மில்லில் வேலை பார்ப்பவர்கள் போடும் காது மூடியைப் போட்டுக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். யாராவது, "பையன் இருக்கானே, பரவாயில்லையா?" என்று கேட்டால், "அவனுக்குக் கேட்காது" என்பேன். உன்னை வைத்துக்கொண்டே சொல்வேன். அதைச் சொல்லும்போது உன் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஏழாவது பேச்சுக்கு மறுநாள் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் இருந்தது. உன் கையெழுத்து. 'அந்தக் கதை வேண்டாம்.' மூன்று வார்த்தை. எந்தக் கதை என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்த்த அந்த நொடியே எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். தாளை எடுத்து மடித்து என் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் பேச வேண்டிய இடத்தில் நாற்பது ஆசிரியர்கள் வரப்போகிறார்கள், இந்த ஒரு தடவை மட்டும் என்று எனக்கு நானே சொன்னேன். பிறகு இன்னொரு இந்த ஒரு தடவை. நீ இரண்டாவது தாள் ஒட்டவில்லை. ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைக்கிறவன் நீ. வேண்டாம் என்று ஒருவர் ஒரு தடவை சொன்னால் நிறுத்த வேண்டும் என்று உனக்குப் பாடம் எடுத்தவளும் நான்தான்.

பன்னிரண்டாவது பேச்சு குளுவாங்கில். பெரிய மண்டபம். நன்றாகப் பேசினேன். திரும்பி வரும்போது காரில் நீ, "பன்னிரண்டு" என்றாய்.

"என்ன பன்னிரண்டு?"

"பன்னிரண்டு தடவை."

நான் வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். இதை எழுதாமலே தாண்டிவிடலாம். ஆனால் எழுதத்தான் வேண்டும். நீ பேசினாய். நான் வானொலியைச் சத்தமாக வைத்தேன்.

திங்கட்கிழமை நீ வழக்கம்போல மினி மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போனாய். இரண்டு வருடமாக ஒரு நாள்கூட லீவு போடாத வேலை. உன் அலமாரிகளில் தேதி முடிந்த பொருள் ஒன்றுகூட இருந்ததில்லை என்று கடை முதலாளி தவுக்கே என்னிடமே சொல்லியிருக்கிறார். உன்னோடு வேலை பார்க்கும் பையன் ஒருவனின் சித்தி குளுவாங் பேச்சன்று அந்த மண்டபத்தில் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் முதலில் எழுதினேன். அதை நானே அடித்துவிட்டேன். தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

இந்த இடத்தில் ஒன்பது வரிகள் இருந்தன. அன்று காலை கடையில் அவர்கள் செய்ததை எழுதியிருந்தேன். முகிலன் அடித்துவிட்டான்.

பத்து மணிக்கு நீ நடந்தே வீட்டுக்கு வந்தாய். கடையின் சட்டையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாய். நான் உன் பின்னாலேயே, "என்னாச்சு முகிலா, யாரு என்ன சொன்னாங்க, சொல்லுப்பா" என்று வந்தேன். நீ சமையலறை மேசையில் உட்கார்ந்து, காது மூடியை எடுத்து என் முன்னால் வைத்தாய். பிறகு பேசினாய். உன் வாழ்க்கையில் நீ என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். ஓர் எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"இது சத்தத்தைக் குறைக்கும். பேச்சைக் குறைக்காது. எனக்கு எல்லாம் கேக்கும். நீங்க அந்த இடத்துல நிறுத்துவீங்க. எல்லாரும் அழுவாங்க. அப்புறம் மீ கோரேங் சாப்பிடுவாங்க."

அதன்பிறகு நீ என்னிடம் பேசவில்லை. ஏதாவது வேண்டுமானால் அப்பாவின் போனுக்கு மெசேஜ் வரும். பக்கத்து அறையிலிருந்து 'சோறு போதும்' என்று அப்பாவுக்கு மெசேஜ் வரும். அப்பா தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்ப்பார்.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? தவுக்கேயைப் பார்க்கப் போனேன். அந்தப் பையன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆட்டிசம் என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்லலாம் என்று திட்டம் போட்டேன். குறிப்புகூட எழுதிவிட்டேன். சாந்தி ஆண்ட்டிதான் கடை வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னக்கா, பதிமூணாவதா?"

"அவங்களுக்குத் தெரியலடி. தெரியாமத்தான் செஞ்சுட்டாங்க. சொல்லிக் குடுத்தா..."

"அவங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்க சொல்லிக் குடுத்துத்தான் தெரியும். அவங்கிட்ட கேட்டீங்களா, நீங்க வரலாமான்னு?"

கேட்கவில்லை. காருக்குள் வந்து உட்கார்ந்தோம். சாந்தி கண்ணாடியை இறக்கிவிட்டு, "எம் மகளைப் பத்தி நானும் அஞ்சு தடவை சொல்லிருக்கேன்க்கா. வீட்டுக்குப் போயி அவகிட்ட கேக்கணும். பயமா இருக்கு" என்றாள். அவள் பயம் என்று சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போலிஸ் அதிகாரிகள் முன்னால் கையைக் கட்டாமல் பேசுகிறவள் அவள்.

இப்போது நீ போகப் போகிறாய். போகும் பிள்ளைக்குப் புத்தி சொல்லும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அந்தத் தகுதி கொஞ்சம் குறைந்துபோயிருக்கிறது. ஆனாலும் சில விஷயங்கள் உன் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. அவற்றைச் சொல்லாமல் இருந்தால் அது வேறொரு தவறு. உன் வேண்டாம் என்பதை நான் கேட்காமல் விட்டதால், உன் வேண்டாம் மதிப்பில்லாதது என்று நீ நினைத்துவிடாதே. அங்கே உன் அறைக்குள் வருகிறவர் கதவைத் தட்டாவிட்டால் சொல். ஒரு தடவை சொல்லியும் கேட்காவிட்டால் இரண்டாம் தடவையும் சொல். சிலர் முதல் தடவையே புரிந்துகொண்டு கேட்காமல் இருப்பார்கள், என்னைப் போல. அவர்கள் உன்மேல் மிகுந்த அன்புள்ளவர்களாகவும் இருக்கலாம். உனக்கு உதவி செய்கிறவர்களைக் கவனித்துப் பார். உன்னைக் கேட்டுவிட்டு உதவி செய்கிறார்களா, செய்துவிட்டு உன்னிடம் சொல்கிறார்களா, அல்லது செய்துவிட்டு ஊருக்குச் சொல்கிறார்களா என்று பார். மூன்றாவது வகை ஆளிடம் கொஞ்சம் தள்ளியே இரு.

அட்டையைச் சட்டைப் பையில் வை. கால்சட்டைப் பையில் வைத்தால், நீ கையை உள்ளே விடுவதைப் பார்ப்பவர் வேறு ஏதோ எடுப்பதாக நினைக்கலாம். கடைகளில் தேதி முடிந்த பொருளைப் பார்த்தால் எடுக்காதே, படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டு. மழைக் காலத்தில் உலு திராம் சாலைகளில் தண்ணீர் சட்டென்று ஏறும் என்று அப்பா சொல்கிறார். செருப்பை அப்பா வாங்கிவைத்திருக்கிறார், பழையதைப் போலவே, அதே நிறம். இந்த மாதிரி விஷயங்களை நான் ஒரு நூறு எழுதுவேன். எழுதினேன். இரண்டு பக்கம்.

இங்கே அந்த இரண்டு பக்கம் இருந்தது. முகிலன் முழுவதையும் அடித்துவிட்டு, ஓரத்தில் 'தெரியும்' என்று எழுதியிருக்கிறான்.

இனி அந்தக் கட்டம். முகிலா, நான் கெஞ்சப் போவதில்லை. கெஞ்சுவதும் மூன்று எண்ணுவதைப் போன்றதுதான். உள்ளதைச் சொல்கிறேன். அங்கே உனக்கு ஒன்று ஆகி யாராவது உன்னைப் பிடித்துவைத்தால், உன்னை அறிந்த ஒரு குரல் போனில் இருக்க வேண்டும். அன்று ஸ்டேஷனில் அது இல்லாததால்தான் மூன்று மணி நேரம் ஆயிற்று. அப்பா லாரியில் இருப்பார். நான் எடுப்பேன். எடுத்தால் நான் என்ன பேசுவேன் என்பதுதான் உன் கேள்வி. வேண்டாம் என்று நீ எழுதிய தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தவளை எப்படி நம்புவது? எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் நம்புவேனா என்று நினைத்துப் பார்த்தேன். என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அதனால் என் பேரை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, சாந்தி ஆண்ட்டியின் பேரை எழுது. அவளிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்தாள். ஏதாவது ஒரு பேர் இருக்கட்டும். திங்கட்கிழமை நீ போக வேண்டும். எனக்காக நீ போகாமல் இருந்துவிடக் கூடாது.

உன் தாளை இந்தக் கடிதத்தோடு திருப்பித் தருகிறேன். அது உன்னுடையது. இனி எந்த மேடையிலும் அந்தக் கதை இல்லை. குழுவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்: பிள்ளையிடம் கேட்காமல் பிள்ளையின் கதையை யாரும் சொல்லக் கூடாது, பேசத் தெரியாத பிள்ளையாக இருந்தால் அதன் முகத்தையாவது பார்க்க வேண்டும். காஹாங்காரர் கேட்டார், "அப்ப நாங்க எதைத்தான் பேசுறது, போலிஸ்கிட்ட போயி?" நான் சொன்னேன், நம்மைப் பற்றிப் பேசுவோம், நாம் செய்த தப்பைப் பேசுவோம், அதற்கு நமக்கு உரிமை இருக்கிறது என்று. அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை தெரியவில்லை. இதனால் சில கதவுகள் திறக்காமல் போகலாம். அதையும் நான் தெரிந்தே சொல்கிறேன்.

இதுவரை செவ்வாய்க்கிழமை எழுதியது. சாப்பாட்டு மேசையில் பேனாவோடு வைத்தேன். புதன்கிழமை முழுவதும் அது உன் அறைக்குள் இருந்தது. கதவு மூடியிருந்தது. அப்பாவின் போனுக்கு ஒரு மெசேஜ்கூட வரவில்லை. நான் துணியை மூன்று தடவை மடித்தேன். வியாழக்கிழமை காலை கண்விழித்து வந்தபோது கடிதம் மேசையில் இருந்தது. ஓரமும் ஓரமும் சேர்த்து நேராக வைத்து, மேலே ஒரு சார்டின் டின். டின்னின் தேதி எனக்குத் தெரியும்படி முன்பக்கம் திரும்பியிருந்தது. ஒன்பது வரியும் இரண்டு பக்கமும் சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தன. வேறு எதையும் நீ அடிக்கவில்லை. வானொலியை நான் சத்தமாக வைத்த இடத்தில் ஒரு சிறிய சரி அடையாளம் போட்டிருந்தாய். அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தின் கீழே அந்தப் பாரம் இருந்தது. பிரிட்ஜ் தாளை நீ எடுத்துக்கொண்டிருந்தாய். கட்டம் நிரம்பியிருந்தது. முதல் எண், அப்பா. இரண்டாவது எண், அம்மா. அம்மா என்பதற்குப் பக்கத்தில், இடம் போதாததால் எழுத்தைச் சின்னதாக்கி, மலாயில் ஒரு வரி எழுதியிருந்தாய்: இவரிடம் தேவையானதை மட்டும் கேட்கவும்.

அப்பா வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "சரியாத்தான் எழுதிருக்கான்" என்றார். பிறகு முகம் கழுவப் போய்விட்டார்.

அந்த வரிக்கு என் பதில் இதுதான், முகிலா. உலு திராமிலிருந்து என்றாவது போன் வந்து, உன்னைப் பற்றி யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால், நான் முதலில் சொல்லப்போவது இது: "அவன் பக்கத்துல இருக்கானா? போனை அவன்கிட்ட குடுங்க. சொல்லலாமான்னு அவனைக் கேட்டுட்டுச் சொல்றேன்." நீ சொல் என்றால் சொல்வேன். வேண்டாம் என்றால், உன் முன்னால் வந்து பேர் சொல்லிக் கூப்பிடும்படி மட்டும் சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். நான் வந்து சேரும்வரை யாருக்கும் வேறு எதுவும் தெரியாது.

பாரத்தை இன்றே அனுப்பிவிட்டேன்.

உன் இரண்டாவது எண்,
அம்மா